ஓட்டைப் பிரித்துவிட்டு வார்ப்பு போடலாமா? குமரி மாவட்ட வீடுகள் மாறிய கதை

விளவங்கோடு தாலுகாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா கட்டிய ஓட்டு வீடு, வெட்டுக்கல் (செம்புறாங்கல்) சுவர், பலகை மச்சு (கூரைக்கடியில் மரத் தளம்), முன்னால் நீளத் திண்ணை. வீட்டில் எல்லோரும் இடித்துவிட்டு மாடி வைத்து வார்ப்பு வீடு, அதாவது கான்கிரீட் கூரை வீடு, கட்டலாம் என்கிறார்களாம். இவருக்கு மனசு வரவில்லை. "இவ்வளவு நல்ல வீடுகளை விட்டுவிட்டு நம்ம ஆட்கள் எப்படி இந்தப் பெட்டி வீடுகளுக்குப் போனார்கள்? இனி திரும்பிப் போக வழி உண்டா?" என்பது கேள்வி.

நான் சிவில் படித்து, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு கட்டிக் கொடுத்துப் பிழைப்பவன். பழைய வீடுகளைப் பிரித்தும் இருக்கிறேன், செப்பனிட்டும் இருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டின் அறிவு முக்கால்வாசி அதன் கூரையில்தான் இருந்தது. சுவரை மாற்றினோம், தரையை மாற்றினோம், ஜன்னலை மாற்றினோம். அதிலெல்லாம் பெரிய நஷ்டம் இல்லை. சரிந்த கூரையையும், சுவரைத் தாண்டி நீளும் அதன் ஓரமான இறவானத்தையும் கைவிட்டதில்தான் மாட்டிக்கொண்டோம். ஆனால் மாறியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அதைப் புரிந்துகொள்ளாமல் உங்கள் வீட்டில் யாரோடும் வாதாட முடியாது.

"பழைய வீடு" என்று ஒரே அச்சில் பேசுவதே கொஞ்சம் தப்பு. நம்ம மாவட்டம் சின்னது. ஆனால் ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை பஸ்ஸில் வந்தால் வீடு மாறிக்கொண்டே வரும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலை ஒட்டித் தெருத்தெருவாக ஊர். வீட்டோடு வீடு ஒட்டி, தெருவைப் பார்த்துத் திண்ணை, உள்ளே நீளமாகப் போய்ப் புறவாசலில் முடியும். மழை குறைவு, காற்று அதிகம், செங்கலும் கருங்கல்லும் பக்கத்திலேயே கிடைக்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு வந்தால் ஊர் என்று தனியாகக் கண்ணில் படாது. ஒவ்வொரு விளைக்குள்ளும் (தோட்டத்துக்குள்ளும்) தென்னைக்கும் பலாவுக்கும் நடுவில் ஒரு வீடு. வெட்டுக்கல் தோண்டிய இடத்திலேயே சுவர் எழுப்பிவிடலாம். வசதியான குடும்பம் என்றால் நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டு (அறை வரிசை), நெல்லுக்கு மரத்தாலான அறைப்புரை. கடலோரத்தில் பெரும்பாலும் ஓலைதான்.

ஓலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று பழைய வீடு என்று நாம் போட்டோ எடுக்கும் வீடுகள் எல்லாம் ஒரு சிலருடைய வீடுகள். நம்ம பக்கம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் இருந்த லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர், நாடார்களுக்கு இருந்த தடைகளை எழுதி வைத்திருக்கிறார்: குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை கூடாது, ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். மூன்று தலைமுறை முன்னால் மாடி கட்டத் தடை இருந்த குடும்பத்தில் ஒருவர் துபாயில் சம்பாதித்து வந்து முதல் காரியமாக இரண்டு மாடி எழுப்பினால், அதை ரசனைக் கேடு என்று நான் சொல்லமாட்டேன். நம்ம பக்கத்தில் வார்ப்பு வீட்டுக்கு இருக்கும் மவுசில் பாதி இங்கிருந்து வருவது.

அப்புறம், நீங்கள் பாரம்பரியம் என்று நினைக்கும் அந்த ஓடும் ஒரு காலத்தில் புதுச்சரக்குதான். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பினர் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை போட்டு அச்சில் அழுத்திய ஓடு செய்ய ஆரம்பித்தார்கள். அது கடலோரமாக இறங்கி வந்து, நாட்டு ஓட்டையும் ஓலையையும் ஓரம் கட்டியது. தாத்தா ஓடு போட்டபோது அந்த ஊரில் அது நாகரிகம்! ஆனால் ஒரு வித்தியாசம். மங்களூர் ஓடு வந்தபோது கூரையின் சரிவு பெரிதாக மாறவில்லை, கூரையைத் தாங்கும் சரிவு மரமான கைமரமும் உத்திரமும் மாறவில்லை, ஆசாரியின் கணக்கும் மாறவில்லை. புதுப்பொருள் பழைய வேலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சிமெண்ட் அப்படி வரவில்லை.

அந்த ஆசாரியின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். அவருக்கு அளவு, கோல். 24 விரல் ஒரு கோல். இன்றைய கணக்கில் 72 சென்டிமீட்டர். நீளம், அகலத்துக்கு முன்னால் கட்டின் சுற்றளவைத்தான் முடிவு செய்வார். அந்தச் சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் மீதி ஒற்றைப்படையில் நிற்க வேண்டும்; எந்த மீதி எந்தத் திசைக் கட்டுக்கு என்பதும் அதை வைத்தே. சாஸ்திரத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தொழில்முறையில் அதன் பயன் வேறு: சுற்றளவு முடிவானால் உத்திரம், கைமரம், மோடு (கூரை உச்சி) எல்லாவற்றின் அளவும் வரிசையாக வந்துவிடும். மரத்தைத் தரையிலேயே அறுத்து, துளைத்து, கொளுவிப் பார்த்துவிட்டு மேலே ஏற்றலாம். இரும்பு ஆணி குறைவு. பெரும்பாலும் மர ஆணிதான். அதனால்தான் ஒரு அறைப்புரையை அப்படியே பிரித்து, பலகைக்குப் பலகை எண் போட்டு, வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்த முடிந்தது. சென்னை முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் கேரள வீடுகளை இப்படித்தான் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

மரம் எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் இல்லை. தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி இவையெல்லாம் திருவிதாங்கூரில் ராஜமரங்கள். உங்கள் விளையில் முளைத்தாலும் அன்று அரசுக்குத்தான் சொந்தம். சாதாரண வீட்டுக்கு அயினி, பலா, வைரம் பாய்ந்த பனை. உங்கள் வீட்டு மச்சு தேக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் ஒருமுறை சரிபாருங்கள். அயினியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்; அதுவும் குறைந்த மரமில்லை.

இப்போது கூரைக்கு வருவோம். தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அந்தக் கறுப்புப் பளபளப்புத் தரையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். (1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மாவட்டத்தின் நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும், அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரள அரசிடமே இருந்துவிட்டது. நம்ம ஊரின் நல்ல தச்சுவேலையைப் பார்க்க நாம் பக்கத்து அரசிடம் டிக்கெட் எடுக்கிறோம்.) அடுத்த தடவை போனால் தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரை எவ்வளவு கீழே இறங்கி வருகிறது, மேல்மாடியில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மர அழிகள் வழியாகக் காற்று எப்படி வருகிறது, அதே வழியில் வெயிலும் சாரலும் ஏன் வருவதில்லை என்று கவனியுங்கள். உள்ளே இருக்கிறவருக்கு வெளியே தெரியும். வெளியே இருக்கிறவருக்கு உள்ளே தெரியாது.

உங்கள் வீட்டுக் கூரை அதே வேலையை எளிமையாகச் செய்கிறது. ஒரு மங்களூர் ஓடு இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும், மெல்லிசு. வெயிலில் சீக்கிரம் சுடும், சூரியன் இறங்கினால் சீக்கிரம் ஆறியும் விடும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சந்து வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். மிச்சம் வரும் சூட்டை மச்சுப் பலகை தடுத்துவிடும். இறவானம் இரண்டரை, மூன்று அடி வெளியே நீண்டிருப்பதால் மழையும் வெயிலும் சுவரைத் தொடாது. மண்சாந்தில் கட்டிய வெட்டுக்கல் சுவர் இத்தனை வருஷம் நிற்பதற்கு அந்த இறவானம்தான் காரணம். இறவானத்தை வெட்டிவிட்டு வெறும் சுவரை இரண்டு மழைக்காலம் விட்டுப் பாருங்கள், தெரியும். நமக்கோ தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு.

ஆனால் இந்தக் கூரைக்கு வருஷா வருஷம் ஆள் வேண்டும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்குவதற்கு முன், மே மாதத்தில், ஒருவர் மேலே ஏறுவார். தேங்காய் விழுந்து உடைந்தது, குரங்கு இழுத்துப் போட்டது, பூனை ஓடி நகர்ந்தது என்று வரிசையாகப் பார்ப்பார். மேல்வரிசை ஓட்டை இரண்டு விரலால் சற்றே தூக்கி, கீழே உடைந்ததை உருவி, புதியதைச் சொருகி, பட்டியலில் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) மாட்டிவிடுவார். சாந்து மோட்டு ஓட்டுக்கு மட்டும். பார்க்கச் சின்ன வேலை. கால் எங்கே வைப்பது என்று தெரியாதவர் ஏறினால் ஒரு ஓட்டை மாற்றப் போய் பத்தை உடைத்துவிட்டு வருவார். அந்தக் கால் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. இந்தப் பருவப் பராமரிப்பு நின்றுபோன நாளிலிருந்துதான் கைமரம் நனைய ஆரம்பிக்கிறது, கரையான் ஏறுகிறது.

பராமரிப்பு ஏன் நின்றது? குடும்பம் உடைந்ததால். திருவிதாங்கூரில் 1925இல் நாயர் ரெகுலேஷனும் 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் ரெகுலேஷனும் வந்து மருமக்கள்வழிக் (தாய்வழிச் சொத்துரிமை) கூட்டுக்குடும்பத்தைப் பாகம் பிரிக்க வழி திறந்தன. நல்ல சட்டங்கள்தான், பெற்ற பிள்ளைகளுக்குச் சொத்து வந்தது. வயலைப் பிரிக்கலாம், விளையைப் பிரிக்கலாம், நாலு கட்டு வீட்டை எப்படிப் பிரிப்பது? வடக்குக் கட்டு மூத்தவருக்கு, பூமுகம் இளையவருக்கு, அடுக்களை அக்காளுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். கூரை மட்டும் ஒன்றாகவே இருந்தது. அக்காள் பக்கம் ஒழுகினால் அண்ணன் ஏன் செலவு செய்ய வேண்டும்? மற்ற சமூகங்களிலும் ஒன்றிரண்டு தலைமுறையில் இதே கதை வந்தது. நான் பார்த்த இடிந்த வீடுகளில் மரம் தானாக இற்று விழுந்தவை குறைவு, பங்காளிச் சண்டையில் விழுந்தவை அதிகம். தனித்தனியாகப் பத்து சென்டில் ஆளுக்கொரு வார்ப்பு வீடு கட்டியதும் பிரச்சினை தீர்ந்தது.

பிறகு பணமும் சிமெண்டும். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் வேலை பெருகியது. திருவனந்தபுரம் விமான நிலையம் நமக்குப் பக்கம். நம்ம பையன்களும் கிளம்பினார்கள். திருநெல்வேலி தாழையூத்தில் 1949 முதலே சிமெண்ட் ஆலை இருந்தாலும், வெகுகாலம் சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. பெர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது. 1982இல் பாதி தளர்த்தி, 1989இல் முழுசாக எடுத்தார்கள். கையில் திர்ஹாமும் ரியாலும் வந்த அதே நேரத்தில் கடையில் சிமெண்ட் தாராளமாகக் கிடைத்தது. அதே சமயம் காட்டு மரத்துக்குக் கெடுபிடி கூடி விலை ஏறியது, ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் ஐடிஐ முடித்து அதே வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். நல்ல மரமும் நல்ல ஆசாரியும் தேடி அலைவதை விட, கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரே நாளில் வார்ப்பு போட்டுவிடலாம். அரசும் அந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டில் 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைதான் போட வேண்டும்.

இதில் குறை சொல்லவும் முடியாது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோதும், 2017 நவம்பர் 30இல் ஒக்கி அடித்தபோதும் பாரம்பரியம் பேசிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ஒக்கி அன்று ரப்பரும் தென்னையும் கூரைமேல் விழுந்தன. ஓடு, ஷீட் போட்ட வீட்டுக்காரர்கள் ஓடிப்போய் ஒதுங்கியது பக்கத்து வார்ப்பு வீட்டில்.

சரி, அப்படியானால் வார்ப்பு வீட்டில் என்ன கேடு? நாலரை, ஐந்து அங்குலக் கான்கிரீட் பலகை நாள் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி நாம் படுக்கும் நேரத்தில் அதை வீட்டுக்குள் விடுகிறது. ஃபேன் போட்டால் அந்தச் சூட்டையே கீழே தள்ளும். சன்ஷேடு என்று ஒன்றரை அடியில் ஒரு பட்டை. சாரல் நேராகச் சுவரில் அடிக்கும். தண்ணீர் தேங்கும் தட்டையான மேல்தளம், இத்தனை மழை பெய்கிற நாட்டுக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

இதை விடப் பெரிய கேடு கம்பியில். வார்ப்புக்கு முந்தின நாள் ஏதாவது ஒரு வேலையிடத்தில் ஏறிப் பாருங்கள். கம்பியை அடியில் அடித்த தற்காலிகப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்த கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் ஜல்லித் துண்டைச் சொருகியிருப்பார்கள். ஆள் மிதித்து நடந்ததும் அது நழுவி, கம்பி பலகையில் படுத்துவிடும். கடலோரக் காற்றுபடும் கான்கிரீட்டுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கேட்பது கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடல். குளச்சல், முட்டம் பக்கம் பத்து மில்லிமீட்டர்கூட இல்லாத ஸ்லாபுகளை நான் உடைத்துப் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து உப்பி, அடிப்பக்கம் பொரிந்து விழும். தாத்தா வீடு தொண்ணூறு வயதில் நிற்கும்போது அப்பா வீடு முப்பதில் கட்டிலில் சாந்தை உதிர்ப்பது இதனால்தான்.

மாற்று சொன்னவர் இல்லாமல் இல்லை. அதுவும் நமக்கு வெகு பக்கத்தில் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்து 1945இல் இந்தியா வந்த லாரி பேக்கர், கடைசிக் காலம் வரை, 2007 வரை, திருவனந்தபுரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். அந்நகரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம், தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸின் சுழன்று ஏறும் கட்டடம் எல்லாம் அவர் வேலை. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் காற்றிடம் விட்டுக் கட்டும் முறையில் கால்வாசிச் செங்கல் மிச்சம். வார்ப்பின் அடிப்பக்கம், கான்கிரீட்டால் பெரிய பிரயோஜனம் இல்லாத இடத்தில், பழைய மங்களூர் ஓட்டை வைத்து மூடிவிடுவார். சூடும் குறையும், சிமெண்டும் குறையும். எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம். ஆனால் களியக்காவிளை தாண்டி அவர் பாணி பெரிதாக வேர்விடவில்லை. பூசாத செங்கல் சுவரைப் பார்த்தால் நம்ம ஊரில் "பணம் தீர்ந்துபோச்சா?" என்றுதான் கேட்பார்கள். பூசாத சுவருக்குக் கொத்தனார் கை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், யாரும் உபதேசம் செய்யாமலே சரிந்த கூரை திரும்பி வந்துவிட்டது. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை மொட்டை மாடிகளைப் பாருங்கள்: ஜிஐ பைப்பில் டிரஸ் (கூரைச் சட்டம்) அடித்து, மேலே நிறம் பூசிய ஷீட். ஒழுக்கு நின்றது, ஸ்லாபில் வெயில் படாததால் கீழே சூடு குறைந்தது, துணியும் ரப்பர் ஷீட்டும் உலர்த்த இடம் கிடைத்தது. முதலில் கூரையை எடுத்தோம், அப்புறம் பலகை வார்த்தோம், இப்போது பலகைக்கு மேலே மறுபடி கூரை போடுகிறோம். இரண்டு செலவு. அழகாக இருக்கட்டும் என்று வார்ப்பையே சரிவாகப் போட்டு மேலே ஓடு ஒட்டுகிறவர்களும் உண்டு. அதில் ஓட்டின் குணம் ஒன்றுமே வராது. காற்றுச் சந்து அடைந்துவிடும், ஓட்டுக்கடியில் நீர் இறங்கினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. என்னிடம் கேட்டால் அதை மட்டும் செய்யாதீர்கள்.

இனி உங்கள் வீடு. முதலில் ஒரு நல்ல ஆசாரியைக் கூட்டிப்போய்க் கைமரத்தின் அடிமுனை, அதாவது சுவர்மேல் உட்காரும் இடத்தை, கூர்மையான உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உளி உள்ளே இறங்காவிட்டால் கூரை ஆரோக்கியமாக இருக்கிறது. ஒன்றிரண்டு இறங்கினால் அந்த மரத்தை மட்டும் மாற்றலாம், அல்லது முனையில் இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்கலாம். வரிசையாக இறங்கினால் கூரையை முழுவதும் இறக்க வேண்டியிருக்கும். அடுத்தது சுவர்: மூலையில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு இருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். குறுக்கே மயிரிழை வெடிப்பு என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

கூரை நன்றாக இருந்தால், முன்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் அடுக்களை, குளியலறை, கக்கூஸ், ஒரு படுக்கையறை மட்டும் வார்ப்பில் கட்டுங்கள். தண்ணீர் புழங்கும் அறைகளுக்கு வார்ப்புதான் நல்லது; பழைய வீட்டோடு நம்ம வீட்டுப் பெண்களுக்கு உண்மையில் இருந்த சண்டையும் அந்தப் புகை அடுக்களையோடும் வெளியே இருந்த கக்கூஸோடும்தான். புதுக்கட்டு பழைய சுவரில் ஒட்டாமல் ஒரு அங்குல இடைவெளி விட்டு நிற்கட்டும். இரண்டும் ஒரே மாதிரி இறங்காது. சேரும் இடத்தில் தண்ணீர் ஓட அகலமான பாத்தி வேண்டும். ஒழுக்கு எப்போதும் அங்கேதான் தொடங்கும்.

கூரை போய்விட்டது, புதுசாகத்தான் கட்ட வேண்டும் என்றால் கட்டுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் டிரஸ் போடுவதைப் பத்து வருஷம் கழித்து என்று தள்ளாமல் முதல் பிளானிலேயே சேர்த்துவிடுங்கள். மேல்தளத்துக்கு ஷீட்டுக்குப் பதில் பிரித்த ஓட்டையே டிரஸ்மேல் மாட்டலாம், எடையைச் சொல்லிப் பைப் அளவு போட்டுக்கொண்டால் போதும். ஒக்கியில் பறந்த ஷீட்டுகள் பலவும் டிரஸ்காலை ஸ்லாபில் சரியாகப் போல்ட் போடாதவை. இறவானம் இரண்டரை அடிக்குக் குறைய வேண்டாம்.

மரத்தைப் பற்றிக் கடைசியாக. பழைய வீடு பிரிக்கிறது என்று வாசனை பட்டால் மர வியாபாரிகள் வரிசையில் நிற்பார்கள். கேரளத்து ரிசார்ட்டுகளுக்குப் பழைய மச்சும் தூணும் வேண்டியிருக்கிறது. மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசாதீர்கள். நிலை, கதவு, தூண், பலகை தனித்தனியாக அளந்து, கன அடிக் கணக்கில் பேசுங்கள். எதை நீங்கள் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை பிளான் போடுவதற்கு முன்னாலேயே தீர்மானியுங்கள். பழைய வாசல் நிலை உயரம் குறைவு. பிளான் முடிந்த பிறகு கொண்டுவந்தால் எந்தச் சுவரிலும் சேராது, கடைசியில் கார் ஷெட்டில் சாய்த்து வைத்துக் கரையானுக்குக் கொடுப்பீர்கள்.